தீர்த்தமலை முதல் சித்தேரி வரை: மலை மக்களுக்குத் தலைவர் யார்?

தர்மபுரி மாவட்டம் என்றதும் நம்மில் பலருக்கும் ஒகேனக்கல்தான் ஞாபகம் வரும். பரிசல், மீன் வறுவல், எண்ணெய்க் குளியல் என்று ஒரு நாள் சுற்றுலாவை முடித்துக்கொண்டு திரும்பிவிடுவோம். அதே மாவட்டத்தின் கிழக்குப் பக்கம், அரூரைத் தாண்டி சுமார் 16 கிலோமீட்டரில் இன்னொரு தண்ணீர் மலை இருக்கிறது. பெயரிலேயே தீர்த்தம் இருக்கிறது: தீர்த்தமலை.

தர்மபுரியில் இருந்தோ, சேலத்தில் இருந்தோ அரூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டால் போதும். அங்கிருந்து தீர்த்தமலைக்கு பஸ் கிடைக்கும். ஊருக்குள் நுழைவதற்கு முன்பே மலை கண்ணில் படும். அடிவாரத்தில் ஒரு கோயில், மலைமேல் ஒரு கோயில். மேலே இருப்பவர் தீர்த்தகிரீஸ்வரர், அம்மன் வடிவாம்பிகை. அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலங்களில் இதுவும் ஒன்று.

ராமர் விட்ட அம்பு

ராவண வதம் முடிந்து திரும்பிய ராமர், இங்கே சிவபூஜை செய்ய நினைத்தார். கங்கை நீர் கொண்டுவரப் போன அனுமன் வரத் தாமதமானது. பொறுத்துப் பார்த்த ராமர் மலையில் ஓர் அம்பை விட்டார், பாறையில் இருந்து நீர் கொட்டியது. அதுதான் ராமர் தீர்த்தம். பிறகு வந்து சேர்ந்த அனுமன், தான் கொண்டுவந்த நீர் தேவைப்படவில்லை என்றதும் கோபத்தில் அதை வீசி எறிய, அது விழுந்த இடம் தென்பெண்ணை ஆற்றங்கரையில் இருக்கும் அனுமன்தீர்த்தம். இதுதான் ஊரில் சொல்லும் தல புராணம்.

ராமர் தீர்த்தம், குமார தீர்த்தம், கௌரி தீர்த்தம், அகஸ்தியர் தீர்த்தம், அக்னி தீர்த்தம் என மலைமேல் 5 தீர்த்தங்கள். ஆடிப்பெருக்கு, மாசி மகம் என்றால் கூட்டம் அலைமோதும். தலையில் நீர் விழ நின்றுவிட்டு, பாட்டிலில் பிடித்து வீட்டுக்கும் எடுத்துப் போவார்கள்.

படியேறும்போது கையில் பை வைத்திருந்தால் கவனம், குரங்குகள் உங்களுக்காகக் காத்திருக்கும். காலையில் வெயில் ஏறுவதற்குள் ஏறிவிடுவது நல்லது. மேலே போய் மூச்சு வாங்கிக்கொண்டு சுற்றிலும் பாருங்கள். அடுத்த சில பத்திகள் அந்தக் காட்சியைப் பற்றித்தான்.

வடகிழக்கில் ஜவ்வாது மலை. தெற்கில் சித்தேரி மலை. தென்கிழக்கில் கல்வராயன் மலை. தென்மேற்கில் தள்ளி சேர்வராயன் மலை, அதாவது ஏற்காடு. மேகமோ தூரமோ சிலவற்றை மறைத்துவிடலாம். ஆனால் தீர்த்தமலை நிற்பது இந்த மலைகளுக்கு நடுவில்தான். இந்த நான்கு மலைகளிலும் வாழும் பெரும்பான்மை மக்கள் ஒரே சமூகத்தைச் சேர்ந்தவர்கள். நான்கும் இன்று வெவ்வேறு மாவட்டங்களாகப் பிரிந்து கிடக்கின்றன.

அந்தச் சமூகத்தின் பெயர் மலையாளி.

கேரளாக்காரர்கள் இல்லை!

பெயரைக் கேட்டதும் குழம்ப வேண்டாம். இவர்களுக்கும் கேரளாவுக்கும் சம்பந்தம் இல்லை. மலையை ஆள்பவர்கள், மலையில் வாழ்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர். பேசுவது தமிழ்தான். பெயருக்குப் பின்னால் 'கவுண்டர்' என்று போட்டுக்கொள்ளும் வழக்கமும் உண்டு. அதனால் வெளியூர்க்காரர்களுக்கு இரட்டைக் குழப்பம் வரும்.

காஞ்சிபுரத்தில் இருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகளின் வழிவந்தவர்கள் நாங்கள் என்பது இவர்களின் பூர்வகதை. பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கும், நடுவண்ணன் பச்சைமலைக்கும், சின்னண்ணன் கொல்லிமலைக்கும் போய்க் குடியேறினார்களாம். ஆங்கிலேயர் காலத்தில் எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்திய சாதிகள் பற்றிய தொகுப்பிலும் இந்தக் கதை பதிவாகியிருக்கிறது. கதை எவ்வளவு நிஜம் என்பது வேறு. வெவ்வேறு மலையில் இருந்தாலும் நாம் ஒரே குடும்பம் என்று சொல்லிக்கொள்ள ஒரு கதை இருப்பது பெரிய விஷயம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் மொத்தம் 7,94,697 பேர். அதில் மலையாளிகள் மட்டும் 3,57,980 பேர். அதாவது, மாநிலத்தின் பழங்குடிகளில் கிட்டத்தட்ட பாதிப் பேர். தர்மபுரி மாவட்டத்தில் 100 பேரில் சுமார் 4 பேர் பழங்குடியினர்.

ஊர்க்கவுண்டரும் ஜாகீர்தாரும்

இந்த மலைகளில் எம்.எல்.ஏ., எம்.பி. எல்லாம் வருவதற்கு முன்பே தலைவர்கள் இருந்தார்கள். ஒவ்வொரு ஊருக்கும் ஓர் ஊர்க்கவுண்டர். பல ஊர்கள் சேர்ந்தால் ஒரு 'நாடு', அதற்கு ஒரு பெரியவர். கல்யாணம், விவாகரத்து, வயல் வரப்புத் தகராறு, திருவிழா தேதி எல்லாம் அவர்கள் முன்னால்தான் முடிவாகும். பதவி பெரும்பாலும் அப்பாவுக்குப் பின் பிள்ளைக்கு. திருவிழா, சடங்கு விஷயங்களில் இன்றும் அந்தப் பெரியவர்களின் பேச்சுக்கு மதிப்பு உண்டு.

பக்கத்தில் இருக்கும் கல்வராயன் மலையில் இது இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே 3 ஜாகீர்கள் இருந்தன. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று குடும்பங்கள் பரம்பரையாக அந்த மலையை ஆண்டன. கிருஷ்ணதேவராயர் காலத்தில் கிடைத்த உரிமை என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. இந்தியா சுதந்திரம் அடைந்து, குடியரசாகி, பல தேர்தல்கள் நடந்து முடிந்த பிறகும் அந்த ஏற்பாடு தொடர்ந்தது. 1976-ல்தான் அரசு மலையை நேரடியாகத் தன் கைக்குக் கொண்டுவந்தது.

யோசித்துப் பாருங்கள். கீழே சமவெளியில் காமராஜர் வந்து போய்விட்டார், அண்ணா வந்து போய்விட்டார். மலைமேல் அதுவரை ஜாகீர்தார்!

அந்தக் காலத்து ஆட்சியில் நல்லதும் இருந்தது, கொடுமையும் இருந்தது. ஆனால் ஒன்று மட்டும் உறுதி. தலைவர் மலையிலேயே இருந்தார், நடந்து போய்ப் பார்க்க முடிந்தது. ஜாகீர் போன பிறகு அந்த இடத்துக்கு யார் வந்தார்கள்? வனத்துறை வந்தது, வருவாய்த்துறை வந்தது, போலீஸ் வந்தது. ஓட்டுரிமையும் வந்தது. ஆனால் மலையில் இருந்து ஒரு பிரதிநிதி எழுந்து கோட்டைக்குப் போனாரா என்று கேட்டால், தர்மபுரியில் அதற்கான வழியே குறுகலாக இருக்கிறது.

சித்தேரி போகும் வழி

அரூரில் இருந்து தெற்கே போனால் சித்தேரி மலை. கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி திரும்பத் திரும்ப, காதடைக்கும். சாமை, கேழ்வரகு, குச்சிக்கிழங்கு, புளி, பலா என்று மலைக்கே உரிய விளைச்சல். ஒரு ஊர் என்றால் நம் ஊர் போல நெருக்கமான தெரு கிடையாது. இங்கொரு கூட்டம் வீடுகள், அடுத்த சரிவில் இன்னொரு கூட்டம்.

எல்லா ஊருக்கும் ரோடு போய்ச் சேர்ந்துவிடவில்லை என்பதுதான் இந்த மலையின் பழைய வலி. அரசநத்தம், கலசப்பாடி போன்ற ஊர்க்காரர்கள் ரோடு கேட்டு வருஷக்கணக்கில் மனு கொடுத்தவர்கள். பிரசவ வலி எடுத்தவரையும் பாம்பு கடித்தவரையும் துணியில் தூளி கட்டிச் சுமந்து இறங்கிய செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள்.

தேர்தல் சமயத்தில் மட்டும் தர்மபுரி மாவட்டத்தில் இருந்து ஒரு போட்டோ தவறாமல் வைரல் ஆகும். கோட்டூர் மலைக்கு ஓட்டு மெஷினைக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு போகும் போட்டோ. பார்க்க அழகாகத்தான் இருக்கும், நாமும் ஷேர் செய்வோம். ஓட்டு மெஷின் போன அதே பாதையில்தான் அந்த ஊர்க்காரர்கள் வருஷம் முழுக்க ரேஷன் அரிசியையும் நோயாளியையும் கொண்டுபோக வேண்டியிருந்தது என்பதை அந்த போட்டோ சொல்லாது.

வாச்சாத்தி

சித்தேரி மலையின் அடிவாரத்தில்தான் வாச்சாத்தி இருக்கிறது. பெயரைச் சொன்னாலே தமிழ்நாட்டுக்குத் தெரியும். பெரும்பாலும் மலையாளி பழங்குடியினர் வாழும் சின்ன ஊர்.

1992 ஜூன் 20. சந்தனக் கட்டை கடத்தல், பதுக்கல் என்று சொல்லி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் பெரும் படையாக ஊருக்குள் வந்தார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. தானியமும் பாத்திரமும் நாசம் செய்யப்பட்டன. கிணற்று நீர்கூட விட்டு வைக்கப்படவில்லை. ஆண்களும் பெண்களும் அடித்து இழுத்துச் செல்லப்பட்டார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். ஊரே காலியாகி, மிஞ்சியவர்கள் காட்டுக்குள் ஒளிந்து வாழ்ந்தார்கள்.

'அப்படி எதுவும் நடக்கவில்லை' என்பதுதான் அரசுத் தரப்பின் முதல் பதில். ஊருக்காகப் பேச ஊரின் சொந்த எம்.எல்.ஏ. என்று ஒருவர் இல்லை. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் விஷயத்தைக் கையில் எடுத்தன. அந்தக் கட்சியின் அன்றைய மாநிலச் செயலாளர் ஏ.நல்லசிவன் உச்ச நீதிமன்றம் போனார். அங்கிருந்து வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 1995-ல் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவு கிடைத்தது.

குற்றம் சாட்டப்பட்டவர்கள் மொத்தம் 269 பேர். வனத்துறையினர் 155, போலீஸார் 108, வருவாய்த்துறையினர் 6. 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அதில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடு இருந்த 215 பேருமே குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அவர்களில் 17 பேர் மீது பாலியல் வன்கொடுமைக் குற்றம் நிரூபணமானது.

தண்டனை பெற்றவர்கள் மேல்முறையீடு போனார்கள். உயர் நீதிமன்ற நீதிபதி பி.வேல்முருகன் 2023 மார்ச்சில் வாச்சாத்திக்கே நேரில் வந்து பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29-ல், முதல் தீர்ப்பு வந்து சரியாக 12 ஆண்டுகள் கழித்து, தண்டனையை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு, அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை என்று அந்தத் தீர்ப்பு நீள்கிறது.

இந்த 31 வருஷக் கதையில் தலைவர்கள் யார் என்று தேடினால், கட்சிக்காரர்களும் வக்கீல்களும் முன்வரிசையில் தெரிவார்கள். அவர்களின் பங்கு பெரியது. ஆனால் அடையாள அணிவகுப்பு நடந்தபோது, காக்கிச் சட்டை வரிசைக்கு முன்னால் போய் நின்று, 'இவர்தான்' என்று விரலை நீட்டியது அந்தப் பெண்கள்தான். பள்ளிக்கூடம் பார்த்தவர்கள் அவர்களில் அதிகம் இல்லை. ஒரு கட்சியிலும் பதவி இல்லை. மலை மக்களின் தலைமை பற்றி யார் கட்டுரை எழுதினாலும் முதல் பெயராக அவர்கள்தான் வர வேண்டும். பெயரைச் சட்டம் மறைத்து வைத்திருக்கிறது, அதுவும் சரிதான்.

234-ல் 2

இப்போது கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், ஈஸியான கணக்குதான்.

தமிழ்நாடு சட்டமன்றத்தில் 234 இடங்கள். பட்டியல் சாதியினருக்கு 44, பழங்குடியினருக்கு 2. அந்த இரண்டு, சேலம் மாவட்டத்தின் ஏற்காடும் நாமக்கல் மாவட்டத்தின் சேந்தமங்கலமும். கொல்லிமலை சேந்தமங்கலத்துக்குள் வருகிறது. 2008 தொகுதி மறுசீரமைப்புக்கு முன்பு பச்சைமலைப் பக்கம் உப்பிலியாபுரமும் பழங்குடித் தொகுதியாக இருந்தது. அது போய், மூன்று இரண்டானது. மக்களவையில் தமிழ்நாட்டுக்கு 39 இடங்கள், அதில் பழங்குடித் தொகுதி ஒன்றுகூட இல்லை.

தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோடு, பென்னாகரம், தர்மபுரி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் என 5 தொகுதிகள். அரூர் தனித் தொகுதி. ஆனால் அது பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதி. இந்தப் பகுதியில் தலித் மக்கள் அதிகம், அவர்களுக்கு அந்த இடம் நியாயமாகவே உரியது. விளைவு என்னவென்றால், வாச்சாத்தியில் பிறந்த ஒரு மலையாளிப் பெண், அரூர் தொகுதியில் ஓட்டுப் போடலாம், வேட்பாளராக நிற்க முடியாது. பக்கத்துப் பொதுத் தொகுதிகளில் நிற்கலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் 100-க்கு 4 பேர் இருக்கும் சமூகத்தில் இருந்து ஒருவரைப் பொதுத் தொகுதியில் நிறுத்த எந்தப் பெரிய கட்சி தயாராக இருக்கும்? இந்த மாவட்டத்தில் வேட்பாளர் தேர்வில் எந்தக் கணக்கு போடுவார்கள் என்பது டீக்கடையில் உட்கார்ந்தால் 5 நிமிஷத்தில் புரிந்துவிடும்.

பழங்குடித் தொகுதிகளின் எண்ணிக்கை மக்கள்தொகை விகிதப்படிதான் என்கிறது அரசியல் சட்டம். 2001 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பழங்குடியினர் 6,51,321 பேர். 234 இடங்களில் அவர்களுடைய பங்கைப் பிரித்துப் பார்த்தால் 2.44 வரும். கிடைத்தது 2. 2011 எண்ணிக்கையை வைத்து அதே கணக்கைப் போட்டால் 2.58 வருகிறது. அரையைத் தாண்டிவிட்டது. இன்னொரு இடம் கிடைக்குமா, கிடைத்தால் எந்த மலைக்கு என்பதை அடுத்த மறுசீரமைப்புதான் சொல்லும்.

2.44-க்கும் 2.58-க்கும் நடுவில் இருப்பது ரொம்பச் சின்ன இடைவெளி. அந்த இடைவெளிக்குள் ஒரு எம்.எல்.ஏ. ஒளிந்திருக்கலாம்!

ஒரே பள்ளத்தாக்கு, இரண்டு சான்றிதழ்

சித்தேரிக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவில் சிட்லிங்கி பள்ளத்தாக்கு இருக்கிறது. கோட்டப்பட்டி வழியாகப் போகும் அந்த ரோடே ஒரு சுற்றுலாதான். 1993-ல் டாக்டர் தம்பதி ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி இங்கே ஒரு குடிசையில் மருத்துவமனை ஆரம்பித்தார்கள். ஊர்ப் பெண்களையே நர்ஸுகளாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்சி கொடுத்து வளர்த்தார்கள். இயற்கை விவசாயிகள் சங்கமும் பிறகு வந்தது. இன்று வெளியூர் கடைகளிலும் சிட்லிங்கி சிறுதானியம் கிடைக்கிறது.

இங்கே மலையாளிகளுக்குப் பக்கத்தில் லம்பாடி மக்களும் இருக்கிறார்கள். அவர்கள் ஊரைத் 'தண்டா' என்பார்கள். வீட்டுக்குள் பேசுவது அவர்களுடைய சொந்த மொழி. பாட்டிமார்களோடு மறைந்துபோக இருந்த அவர்களது எம்பிராய்டரி வேலையை இளைய பெண்கள் மீட்டெடுத்தார்கள். அந்தக் குழுவின் பெயர் 'பொர்கை'. லம்பாடி மொழியில் பெருமை என்று பொருள்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். மலையாளி மாணவருக்குப் பழங்குடிச் சான்றிதழ். அதே ஸ்கூலில், அதே பெஞ்சில் உட்காரும் லம்பாடி மாணவருக்குத் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ். இதே லம்பாடிகள் ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் பழங்குடி. கர்நாடகாவில் பட்டியல் சாதி. ஒரே மக்கள், நாலு மாநிலத்தில் மூன்று பட்டியல்.

மலையாளிகளுக்கும் இதில் சிக்கல் உண்டு. தர்மபுரி, சேலம், வட ஆற்காடு, தென் ஆற்காடு, திருச்சி, புதுக்கோட்டை மாவட்டங்களில் இருக்கும் மலையாளிகள் மட்டும்தான் பழங்குடி என்கிறது பட்டியல். ஈரோடு மாவட்டத்தின் பர்கூர், கடம்பூர் மலைகளில் வாழும் மலையாளிகள் அதில் இல்லை. அந்தப் பகுதி பழைய கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது, பட்டியலில் கோயம்புத்தூர் பெயர் இல்லை. அவ்வளவுதான் காரணம். அண்ணன் பழங்குடி, தம்பி இல்லை என்பது போன்ற நிலை. பல வருஷமாக அவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

முடியவே முடியாத காரியம் இல்லை இது. நரிக்குறவர், குருவிக்காரர் சமூகத்தினரைத் தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அதற்கும் பல்லாண்டுப் போராட்டம் தேவைப்பட்டது.

காகசஸ் மலையில் ஒரு தர்மபுரி

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும்தானா? உலக வரைபடத்தில் ரஷ்யாவின் தெற்கு ஓரத்தைப் பாருங்கள். காகசஸ் மலையடிவாரத்தில் கராச்சாய்-செர்கேசியா என்று ஒரு குடியரசு. ரஷ்யக் கூட்டமைப்புக்குள் இருக்கும் ஒரு மாநிலம் என்று வைத்துக்கொள்ளலாம். மக்கள்தொகை 5 லட்சத்துக்கும் கீழே. தர்மபுரி மாவட்டத்தின் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் கராச்சாய், செர்கேசியர், அபாசா, நோகாய், ரஷ்யர் என 5 இனங்கள்.

100-க்கு சுமார் 44 பேர் கராச்சாய் இனத்தவர். 1943-ல் ஸ்டாலின் ஆட்சி அவர்களை ஒட்டுமொத்தமாக மத்திய ஆசியாவுக்கு நாடு கடத்தியது. 1957-ல்தான் திரும்ப முடிந்தது. அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. செர்கேசியர்களோ 19-ம் நூற்றாண்டில் ரஷ்யப் படையெடுப்பில் சிதறடிக்கப்பட்டவர்கள். தலைநகரின் பெயரிலேயே செர்கேசியர் இருந்தாலும், எண்ணிக்கையில் அவர்கள் கராச்சாய்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

1999-ல் அங்கே குடியரசுத் தலைவர் தேர்தல் நடந்தது. கராச்சாய் வேட்பாளர் விளாதிமிர் செம்யோனோவ், செர்கேசிய வேட்பாளர் ஸ்தனிஸ்லாவ் தேரெவ். செம்யோனோவ் ஜெயித்தார். ஏமாற்றிவிட்டார்கள் என்று தேரெவ் ஆதரவாளர்கள் வீதிக்கு வந்தார்கள். மாதக்கணக்கில் பதற்றம். எங்களைப் பிரித்துவிடுங்கள் என்ற குரலும் எழுந்தது.

அங்கே எழுதப்படாத ஓர் ஒப்பந்தம் உண்டு. தலைவர் கராச்சாய், பிரதமர் செர்கேசியர், சபாநாயகர் ரஷ்யர். 2008-ல் தலைவராக வந்த போரிஸ் எப்ஸேயெவ், செர்கேசியர் அல்லாத ஒருவரைப் பிரதமராக்கினார். திறமையைத்தான் பார்க்க வேண்டும், இனத்தை அல்ல என்பது கேட்க நல்ல வாதம். ஆனால் இருந்த ஒரே பெரிய நாற்காலியும் போனவர்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? எதிர்ப்பு வலுத்து, 2010-ல் பிரதமர் பதவி மறுபடி செர்கேசியர் ஒருவருக்கே போனது.

இதில் நமக்கு இரண்டு பாடம். நாற்காலியை இனவாரியாகப் பங்கு போட்டால், ஒவ்வொரு நியமனமும் இனச் சண்டையாகும் ஆபத்து இருக்கிறது. பங்கே இல்லை என்றால், சின்ன சமூகம் எப்போதும் கதவுக்கு வெளியே நிற்கும். அங்கே எழுதப்படாத வாக்கில் நிற்பதை, இங்கே நம் அரசியல் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. எழுதி வைத்திருப்பதால் கோர்ட்டுக்குப் போகலாம், கணக்குக் கேட்கலாம். வாச்சாத்தி அதைத்தான் செய்தது.

பஞ்சாயத்து ஆபீஸில் பிறக்கும் தலைவர்கள்

மேலே கதவு குறுகலாக இருந்தாலும், கீழே ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. உள்ளாட்சித் தேர்தலில் பழங்குடியினர் எண்ணிக்கைக்கு ஏற்ப தலைவர் பதவிகளும் வார்டுகளும் ஒதுக்கப்படுகின்றன. பாதி இடம் பெண்களுக்கு. முன்பு ஊர்க்கவுண்டர் உட்கார்ந்த இடத்தில், பழங்குடிப் பெண் ஒருவர் தலைவராக உட்கார்ந்து கையெழுத்துப் போட முடிகிறது. பழைய பெரியவர்கள் கூட்டத்தில் பெண்களுக்கு இடமே இருந்ததில்லை என்பதை நினைத்தால், இது சாதாரண மாற்றம் இல்லை.

இன்னொரு ஆயுதம், 2006 வன உரிமைச் சட்டம். தலைமுறை தலைமுறையாகக் காட்டு நிலத்தில் உழுதவர்களுக்குப் பட்டா, காட்டு விளைபொருள் மீது உரிமை. யாருக்கு உரிமை என்று முதலில் முடிவு செய்வது கிராம சபை. தமிழ்நாட்டில் வழக்குகளால் பட்டா கொடுப்பது 2016 வரை தடைபட்டுக் கிடந்தது. அதனால் பல மலைகளில் இந்த வேலை இன்னும் பாதி வழியில்தான் இருக்கிறது. வட மாநிலங்கள் பலவற்றில் பழங்குடிப் பகுதிகளை '5-வது அட்டவணைப் பகுதி' என்று அறிவித்து, கிராம சபைக்குக் கூடுதல் அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதி ஒன்றுகூட இல்லை. இந்தக் கோரிக்கையும் வரிசையில் காத்திருக்கிறது.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்று தேதி குறித்திருக்கிறார்கள். சாதியையும் சேர்த்தே கேட்பார்கள். நமக்கு அது வீட்டு வாசலில் 10 நிமிஷம் பதில் சொல்லும் வேலை. கலசப்பாடி போன்ற மலைச் சரிவில் நாலு வீடு இருக்கும் ஊரில், அந்த ஊழியர் ஏறி வந்து எண்ணினாரா இல்லையா என்பது பெரிய கேள்வி. ரோடு இல்லாத ஊர் எண்ணப்படாமல் போனால், எண்ணப்படாத ஊருக்கு ரோடும் வராது, தொகுதியும் வராது.

போகும்போது கவனிக்க

தீர்த்தமலைக்கு ஒரு நாள் போதும். காலையில் மலையேறி, தீர்த்தத்தில் நனைந்து, மதியம் அரூரில் சாப்பாடு. அனுமன்தீர்த்தமும் சேர்த்துப் பார்த்துவிடலாம். கூடுதலாக ஒரு நாள் இருந்தால் சித்தேரி அல்லது சிட்லிங்கி பக்கம் போங்கள். மலைக்கு பஸ் குறைவு, திரும்பும் பஸ்ஸின் நேரத்தை இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சாமை அரிசியும் புளியும் நேராக விவசாயிகளிடமே வாங்குங்கள், பேரம் பேசாமல். சிட்லிங்கியில் பொர்கை பெண்கள் தைத்த ஒரு துணிப்பை வாங்கினால், சூப்பர் மார்க்கெட் போகும்போதெல்லாம் ஞாபகம் வரும்.

வாச்சாத்தியைச் சுற்றுலா இடமாக நினைத்து, செல்ஃபி எடுக்கப் போக வேண்டாம். அந்த ஊர் மக்கள் தங்கள் கதையை கமிஷனிடமும், சி.பி.ஐ.யிடமும், கோர்ட்டிலும் 31 வருஷம் சொல்லி முடித்துவிட்டார்கள். நமக்கும் ஒருமுறை சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குக் கட்டாயம் இல்லை.

அதற்குப் பதிலாக ஒன்று செய்யலாம். வீட்டில் கல்லூரி போகும் பிள்ளைகள் இருந்தால், உங்கள் தொகுதியில் பழங்குடி மக்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் பஞ்சாயத்துத் தலைவராக இருந்திருக்கிறார்கள் என்று தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். பல ஊர்களில் அந்த இரண்டாவது எண்ணைச் சொல்ல ஒரு கை விரல்களே போதுமானதாக இருக்கும்.